ரெண்டு மணி உத்தியோகம்

வாங்க மாப்பிள்ளை, இப்படித் திண்ணையில உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம். அதுல மூணு காலுதான் தரையில நிக்கும், நாலாவது கால் மாப்பிள்ளைமாரை விழத்தட்டுறதுக்குன்னே இருக்கு. ராத்திரி ரயில்ல தூக்கம் வந்துச்சா? பொதிகையில வந்தா இதுதான் தொந்தரவு. விடியக்காலை ஸ்ரீவில்லிபுத்தூர்ல கண்ணு முழிக்கலேன்னா ராஜபாளையம், சங்கரன்கோவில், தென்காசின்னு செங்கோட்டை வரைக்கும் கொண்டுபோயிருவான். பிள்ளையைப் பாத்தாச்சா? பாத்திருப்பீக. போட்டோ எடுக்கிற சத்தம் தொழுவம் வரைக்கும் கேட்டுச்சு, மாடு மிரண்டுருச்சு.

உங்க மாமியார் காலையிலேயே வந்து, "மாமா, மாப்பிள்ளைகிட்ட நீங்கதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும்"னா. நான் என்னத்தைச் சொல்ல? மாப்பிள்ளைக்குப் புத்தி சொல்ற தைரியம் இந்த வீட்டுல கோழிக்குக்கூடக் கெடையாது, மாப்பிள்ளை வந்தா முதல்ல போறது அதோட உயிர்தானே. அதனால நான் ஒரு குறையும் சொல்லப் போறதில்லை. நீங்க செய்றதெல்லாம் ரொம்பச் சரின்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருவேன்.

போன தடவை வந்தப்ப நடு அறையில கம்ப்யூட்டரைத் தொறந்து வச்சுக்கிட்டு மீட்டிங் பேசுனீக பாருங்க, அது சரிதான். பிள்ளை அழுதுச்சு. மாப்பிள்ளை பேச்சுக்கு இடைஞ்சலாயிருமேன்னு உங்க மாமியார் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அடுப்படிக்கு ஓடினா. அங்கயும் சத்தம் கேக்குதுன்னு நான் வாங்கிக்கிட்டுத் தொழுவத்துக்குப் போனேன். மாடு அசை போடுற சத்தத்தைக் கேட்டதும் கப்புன்னு அடங்கிருச்சு. நீங்க உள்ள இருந்து "நான் பேசுறது கேக்குதா, கேக்குதா"ன்னு யாரையோ கேட்டுக்கிட்டே இருந்தீக. எங்களுக்கெல்லாம் நல்லாக் கேட்டுச்சு மாப்பிள்ளை. பிள்ளைக்கும் கேட்டுச்சு, குரல் வந்த பக்கம் தலையைத் திருப்புச்சு. ஆளைத்தான் காணோம்.

வேலையில கண்ணா இருக்கணும், அதுல எனக்கு மாத்துக் கருத்து கெடையாது. பிள்ளை எங்க போயிரப் போகுது, இங்கனதான கெடக்கும்னு நெனைக்கிறீக. கெடக்கும். போன வாரம் பாத்த பிள்ளை கெடக்காது, அவ்வளவுதான். நர்சம்மா வந்து எடை போட்டு அட்டையில புள்ளி வைக்கிறப்ப நானும் எட்டிப் பாப்பேன். பொறந்த முதல் சில நாள்ல எடை கொஞ்சம் இறங்குமாம், பத்துப் பதினாலு நாளுக்குள்ள விட்டதைப் பிடிச்சிருமாம். அஞ்சு மாசத்துல பொறந்த எடைக்கு ரெண்டு மடங்கு, ஒரு வயசுல மூணு மடங்கு, ஏறத்தாழ அதுதான் கணக்குங்கிறாக. உங்க கம்பெனியில எவனுக்காவது அஞ்சு மாசத்துல சம்பளம் ரெட்டிப்பாகி, வருசம் திரும்பறதுக்குள்ள மூணு மடங்கு ஆயிருக்கா? இந்த வீட்டுல ஒரு ஆளுக்கு ஆகுது. அந்த ஆளு அதைக் காட்டிக்கிறதில்லை. தொட்டில்ல கெடந்து ஒண்ணுக்குப் போயிக்கிட்டிருக்கு.

நம்ம முறைமையைப் பாத்தாலும் உங்க மேல தப்புச் சொல்ல முடியாது. வளைகாப்பு போட்டு என் பேத்தியை நாங்க கூட்டிட்டு வந்துட்டோம், தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான்னு பிடிவாதமா நின்னதும் நாங்கதான். பிள்ளையைக் கால்ல போட்டுக் குளிப்பாட்ட ஒரு கிழவி, சாம்பிராணி போட இன்னொரு கிழவி, அந்தக் கிழவி சரியாப் போடலைன்னு சொல்ல மூணாவது கிழவி. பேரு வைக்கிறது தாத்தா. காதுல மூணு தரம் அந்தப் பேரைச் சொல்றது அத்தை. குலசாமி கோயில்ல மொட்டை போட்டுக் காது குத்துறப்ப தாய்மாமன் மடி, அந்த மடி வந்து உக்காராட்டி ஆசாரி ஊசியைக் கையில தொடமாட்டார். பொறந்த பிள்ளை நாக்குல சேனை வைக்கிறதுக்கு எங்க வீட்டுல எப்பவும் என்னையத்தான் கூப்பிடுவாக, வைக்கிறவுக குணம் பிள்ளைக்கு வரும்னு. இந்தத் தடவை நர்சம்மா வந்து, ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் தவிர சொட்டுத் தண்ணிகூடக் கூடாது, சீனித்தண்ணியும் தேனும் கிட்டயே வரக்கூடாதுன்னு நிறுத்திட்டாக. பிள்ளை தப்பிச்சுது.

ஆக, எல்லாருக்கும் ஒரு இடம் இருக்கு. அப்பனுக்கு? பத்திரிகையில பேரு, பந்தலுக்குப் பணம், போட்டோவுல ஓரமா ஒரு வேட்டி. இது நியாயமில்லைன்னு நானும் நல்லா யோசிச்சுப் பாத்தேன் மாப்பிள்ளை. இருபத்துநாலு மணி நேரத்தையும் புரட்டிப் பாத்ததுல, யாருமே உரிமை கொண்டாடாத உத்தியோகம் ஒண்ணே ஒண்ணு காலியா இருக்கு. ராத்திரி ரெண்டு மணி. அந்த நேரத்துக்குத் தாய்மாமன் வரமாட்டான். சீர்த்தட்டோட அத்தை வரமாட்டா. மூணு கிழவிகளும் குறட்டை விடுவாளுக. என்னையக் கூப்பிட்டா எனக்குக் காது கேக்காது, பகல்ல பக்கத்து வீட்டுச் சண்டை வார்த்தை தப்பாமக் கேக்கிற காதுதான்.

பச்சைப்பிள்ளைக்கு ராத்திரி பகல் தெரியாது. ஒரு நாளைக்கு எட்டுத் தரத்துல இருந்து பன்னெண்டு தரம் பாலுக்கு எந்திரிக்கும். பால் குடுக்கிறதை ஆண்டவன் உங்ககிட்ட ஒப்படைக்கல, நல்லவேளை, ஒப்படைச்சிருந்தா அதுக்கும் போன்ல ஏதாவது இருக்கான்னு தேடியிருப்பீக. ஆனா குடிச்சு முடிச்ச பிள்ளையை வாங்கித் தோள்ல நிமித்திப் போட்டு, முதுகை நீவி, ஏப்பம் வர்ற வரைக்கும் முற்றத்துல நடக்கிறதுக்குத் தாயா இருக்கணும்னு சட்டமில்லை. ஏப்பத்தோட கொஞ்சம் பாலும் வரும், உங்க சட்டையிலதான் வரும். ஈரத்துணியை உருவிக் காஞ்ச துணி மாத்தணும். மாத்தி முடிச்சு நீங்க நிமிரறதுக்குள்ள அதையும் நனைக்கும், அது உங்க மேல உள்ள கோவத்துல இல்லை. அந்த நேரத்துல என் பேத்தி ஒரு மணி நேரம் சேந்தாப்பல தூங்கிக்கிடுவா. நீங்க சென்னையில இருந்து வாங்கிட்டு வர்ற ஸ்வீட் டப்பா எல்லாத்தையும் எடை போட்டாலும் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாகாது. அவ வாயால கேக்கமாட்டா, அதுக்குத்தான் கிழவன் ஒருத்தனை வச்சிருக்கு.

பயமா இருக்குங்கிறீகளா? தலை நிக்கலை, உச்சிக்குழி துடிக்குது, எங்க பிடிக்கிறதுன்னு தெரியலை. தலை நிக்க மூணு நாலு மாசம் ஆகும். உச்சிக்குழி முழுசா மூட ஒண்ணரை வருசம்கூட ஆகும். அதுவரைக்கும் தள்ளி நின்னே பாத்துக்கிட்டிருந்தா, அதுக்கப்புறம் அது உங்க கையில நிக்காது, ஓடிரும். கழுத்துக்கு அடியில ஒரு கை, குண்டிக்கு அடியில ஒரு கை. பேத்தியோட பட்டுச்சேலைப் பொட்டியைத் தூக்குனீகளே, அதைவிடப் பயந்து தூக்குங்க, போதும். கங்காரு முறைன்னு ஒண்ணு இருக்காம். 1978ல கொலம்பியா நாட்டுல பொகோட்டாங்கிற ஊர் ஆஸ்பத்திரியில ஆரம்பிச்சது. எடை குறைஞ்ச பிள்ளைகளுக்குச் சூட்டுப் பெட்டி பத்தலைன்னு, தாய் நெஞ்சுல வெத்து உடம்போட சேத்துக் கட்டி வச்சுச் சூடு குடுத்திருக்காக. பிறகு பாத்தா அப்பன் நெஞ்சுலயும் அந்தச் சூடு இருக்கு. நர்சம்மா சொன்னப்ப எனக்கே ஆச்சரியமாத்தான் இருந்துச்சு. ஆம்பளை நெஞ்சை நாங்க பீடிக்கு மட்டும்தான் வச்சிருந்தோம்.

"உங்க காலத்துல எப்படி"ன்னு கேக்க வாயெடுத்தீக, தெரியுது. எங்க காலத்தை உதாரணமா எடுத்துக்கிடாதீக. எங்க அய்யா இருக்கிறப்ப நான் பெத்த பிள்ளையை அவர் முன்னால நான் தூக்கக்கூடாது. மரியாதைக் குறைச்சல். பிள்ளை வாசல்ல விழுந்து அழுதாலும் தூண்ல சாஞ்சு நின்னு, யாரோ வீட்டுப் பிள்ளை மாதிரி பாக்கணும். யாராவது பொம்பளை வந்து எடுப்பா. பொண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடுறதும் பிள்ளையைக் கொஞ்சுறதும் ஒரே ரகக் குற்றம். அதனால எங்க தெருவுல முக்காவாசி அப்பன்மார் திருட்டுத்தனமாத்தான் பிள்ளை வளத்தான். படப்படியில தூக்குவான், கமலைக் கிணத்து மேட்டுல தூக்குவான், அய்யா வர்ற செருப்புச் சத்தம் கேட்டா இறக்கி விட்டுட்டு மம்பட்டியைத் தேடுவான். ஒருத்தன் மகளைத் தவசத்துக் கடகத்துல உக்கார வச்சுத் தலையில தூக்கிட்டுக் களத்துக்குப் போவான், கம்பு கொண்டுபோறான்னு ஊரு நெனச்சுக்கிடும். கம்பு சிரிக்கும்.

இப்ப உங்களை யாரு தடுக்கா? என் மகன், உங்க மாமனார், வாய் தொறந்து ஒரு வார்த்தை சொல்லப் போறதில்லை. ஊரு பாக்க, கடைத்தெருவுல, மார்புல தூளி கட்டிக்கிட்டு நீங்க நடக்கலாம். நடந்தா நாலு கிழடு சிரிக்கும், அதுல நானும் ஒருத்தன், சிரிச்சுட்டு வீட்டுக்கு வந்து பெருமையாச் சொல்லிக்கிடுவேன். எங்களுக்கு அய்யா செருப்புச் சத்தம். உங்களுக்கு அந்தப் போன்ல வர்ற டிங்கு சத்தம். அது வந்ததும் பிள்ளையை இறக்கி விடுறீக.

போன வாரம் குடும்பக் குரூப்புல ஒரு படம் போட்டீக, உங்க ஆள்காட்டி விரலைப் பிள்ளை இறுக்கிப் பிடிச்சிருக்கிற மாதிரி. அப்பாவோட பாசம்னு கீழ எழுதி, அம்பது பேர் இதயம் விட்டாக. உங்க சந்தோசத்தைக் கெடுக்க நான் யாரு. ஆனா நானும் அன்னைக்குச் சாயங்காலம் என் கைத்தடி முனையைக் குடுத்துப் பாத்தேன், அதையும் அப்படித்தான் பிடிச்சுச்சு. உள்ளங்கையில எது பட்டாலும் மூடிக்கிடும், அது பிறவியோட வர்ற பிடி. அஞ்சாறு மாசத்துல அந்தப் பிடி போயிரும். பிறகு வேணும்னு கையை நீட்டிப் பிடிக்க ஆரம்பிக்கும். அப்ப உங்க விரலை நீட்டிப் பாருங்க. தேடி வந்து பிடிச்சா அதைப் போட்டோ எடுங்க, நானும் இதயம் விடுறேன்.

கண்ணு விசயமும் அப்படித்தான். இந்த மாசத்துல பிள்ளைக்குத் தெளிவாத் தெரியிறது ஒரு சாண் தூரம், கொஞ்சம் கூட. பால் குடிக்கிறப்ப தாய் முகம் இருக்கிற தூரம். அதுக்கு அந்தாண்ட நிக்கிறவுகெல்லாம் மங்கல். நீங்க வீடியோ கால்ல வந்து "பாப்பா, அப்பா பாரு"ன்னு கத்துறீக, போனை மூஞ்சிக்கு நேரா ஒரு சாண்ல பிடிச்சா அதுக்குத் தெரியிறது ஒரு வெளிச்சப் பெட்டி. ரெண்டு வயசுக்கு முன்னால திரையே காட்ட வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019ல சொல்லியிருக்கு. பேப்பர்ல படிச்சேன். அப்பன் மூஞ்சிக்கு விதிவிலக்குக் குடுங்கன்னு வேணா மனுப் போட்டுப் பாருங்க.

ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள்ள முகத்தைப் பாத்துச் சிரிக்க ஆரம்பிக்கும். அதுக்கு முந்தித் தூக்கத்துல சிரிக்கிறது வேற, அதைச் சாமி சிரிப்புக் காட்டுதுன்னு கிழவிக சொல்லுவாளுக. முகத்தைப் பாத்துச் சிரிக்கிற முதல் சிரிப்பு உங்க ஆபீஸ் காலண்டர்ல வராது. சனிக்கிழமையாப் பாத்து வான்னு அதுகிட்டச் சொல்லவும் முடியாது. செவ்வாக்கிழமை மத்தியானம் பால்காரனைப் பாத்துச் சிரிச்சுத் தொலைக்கும். போகட்டும், அதுக்கு நான் வருத்தப்படமாட்டேன். எட்டாம் மாசம்தான் எனக்குக் கவலை. அப்பத்தான் ஆள் முகம் பாக்கும். பழகின முகத்துக்கிட்டத் தாவும், பழகாத முகத்தைக் கண்டா வீறிடும். வாரா வாரம் சனிக்கிழமை காலையில பையோட வந்து ஞாயித்துக்கிழமை ராத்திரி பையோட போற ஆளு எந்தக் கணக்குன்னு அதுவாத்தான் முடிவு பண்ணும். சித்தாள்கிட்டத் தாவிட்டு உங்களைக் கண்டு அழுதா, பிள்ளைக்குத் தோஷம்னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போவாளுக. தோஷம் பிள்ளைக்கில்லை.

மூலையில நீங்க வாங்கிட்டு வந்த சாமான் நிக்குது பாருங்க, வட்டமா, சக்கரம் வச்சு, நடுவுல பிள்ளையைத் தொங்கவிடுற வண்டி. பிள்ளைக்குக் கழுத்தே நிக்கலை, அதுக்குள்ள வண்டி வந்திருச்சு. அந்தச் சாமானைக் கனடாவுல விக்கவே கூடாதுன்னு 2004லயே தடை போட்டுட்டான், பிள்ளைக அதோட படியில உருண்டு அடிபடுதுன்னு. நடையும் அதால வெரசா வந்திராது. நம்ம திண்ணைக்கு மூணு படி. இப்போதைக்கு நான் அதுல வத்தல் காயப் போட்டிருக்கேன், நல்லாக் காயுது.

காசை அதுக்குச் செலவழிக்காம கோயில் பக்கமாப் போயிட்டு வாங்க. பால்கோவா வாங்கத்தான் அங்க போறீக, வடபத்ரசாயி கோயில் வரைக்கும் போயிருக்கீகளா? பெரியாழ்வார்னு ஒருத்தர் இந்த ஊர்ல நந்தவனம் போட்டுப் பெருமாளுக்கு மாலை கட்டிக்கிட்டிருந்தார். அந்தத் தோட்டத்துத் துளசிச் செடி அடியிலதான் ஆண்டாளைக் கண்டெடுத்தார்ங்கிறாக. அவரும் வேலைக்காரர்தான் மாப்பிள்ளை. பூமாலை ஒரு நாள் தவறினாலும் மேலதிகாரி சாமி. அந்த மனுசன் யசோதை மாதிரி நின்னு கண்ணனைத் தொட்டில்ல போடுறார், எண்ணெய் தேச்சுக் குளிக்கக் கூப்பிடுறார், பூச்சூட்டுறார், காது குத்துறதுக்குக் கெஞ்சுறார், நிலாவைக் கூப்பிடுறார். இடுப்புல மணி கட்டின பிள்ளை கையை ஊனித் தலையைத் தூக்கி ஆடுற செங்கீரையில இருந்து தளர்நடை வரைக்கும் ஒண்ணு விடாமப் பாடியிருக்கார். பின்னால வந்த புலவர்மார் பிள்ளைத்தமிழ்னு பருவம் பருவமாப் பிரிச்சுப் பாடினதுக்கெல்லாம் அவர்தான் முன்னோடி. காது குத்துறது தாய்மாமன் டிபார்ட்மெண்ட், குளிப்பாட்டுறது கிழவி டிபார்ட்மெண்ட்னு அவர் ஒதுங்கலை. யுகத்துக்கு முந்திப் பொறந்த பிள்ளை அது, கையில தூக்கக்கூட முடியாது. அதுக்கே அந்த மனுசனுக்கு அவ்வளவு நேரம் இருந்திருக்கு. உங்க பிள்ளை உள்ள தொட்டில்ல கெடக்கு.

லீவு இல்லைங்கிறீக. அது உண்மைதான், அதுல நான் உங்க கட்சி. 2017ல சட்டத்தைத் திருத்தித் தாய்மாருக்குப் பன்னெண்டு வாரமா இருந்ததை 26 வாரமாக்கினாக. மத்திய சர்க்கார் உத்தியோகத்துல இருக்கிற ஆம்பளைக்கு 15 நாள் உண்டு. தனியார் கம்பெனியில இருக்கிற அப்பனுக்குச் சட்டப்படி ஒரு நாளும் கெடையாது, மொதலாளியாப் பாத்துக் குடுத்தா உண்டு. ஸ்வீடன்ல தாயும் தகப்பனும் சேந்து 480 நாள் எடுத்துக்கிடலாமாம், அதுல ஆளுக்கு 90 நாள் அவுகவுகளுக்குன்னே ஒதுக்கினது, அப்பன் எடுக்காட்டி அது வீணாப் போகும், பொண்டாட்டிக்கு மாத்திக் குடுக்க முடியாது. கெட்டிக்காரன் போட்ட சட்டம். ஆம்பளைக்கு இலவசம்னு சொன்னா வரமாட்டான், நட்டம்னு சொன்னா வருவான்னு தெரிஞ்சிருக்கு.

அதுக்காக நீங்க ஸ்வீடனுக்குப் போக வேண்டாம். திங்கக்கிழமை உங்க மேனேஜர்கிட்ட வாயைத் தொறந்து கேளுங்க. கேக்காமலே இல்லைன்னு நீங்களாத் தீர்ப்பு எழுதிக்கிட்டு ரயிலேறாதீக. அவரும் ரெண்டு பிள்ளை பெத்தவராத்தான் இருப்பார், ரெண்டு மணி உத்தியோகத்தை விட்டவராவும் இருப்பார், இரக்கப்பட்டாலும் படுவார். கேட்டும் குடுக்கலையா, அப்ப நான் ஒருத்தன் இருக்கேன். பிள்ளை பொறந்ததுக்கு லீவு குடுக்காத கம்பெனி, வீட்டுல பெரியவர் போய்ச் சேந்துட்டார்னா மறுபேச்சுப் பேசாமக் குடுக்கும். உங்க சொந்தத் தாத்தாவை ஏற்கெனவே கிரிக்கெட் மேட்சுக்குச் சாகடிச்சிருப்பீக, அதனால தாராளமா என்னை எடுத்துக்கிடுங்க. தூக்கத்துலயே போயிட்டார்னு சொல்லுங்க, கௌரவமா இருக்கும். பதினாறாம் நாள் காரியத்துக்கும் சேத்து எழுதிக் குடுங்க. ஒரே ஒரு கண்டிசன்: அந்தப் பதினாறு ராத்திரியும் ரெண்டு மணிக்கு நான் தூங்கணும், நீங்க முழிச்சிருக்கணும்.